தோல் பார்க்கத் தெரிந்தவன்

பேரணாம்பட்டுத் தோல் மண்டிகளில் ஆபித் பாஷாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும், உயிரோடிருந்தபோது அந்த ஆடு எந்த விலாவில் தடியடி வாங்கியது என்று சொல்லிவிடுவான். கைநீட்டுவதிலும் அப்படித்தான், வாய் பேசுமுன் கை பேசிவிடும். ஊர் அவனுக்குப் பயந்தது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

எழுபத்தெட்டாம் வருஷம் தங்கை ஷஹீன் பானுவைப் பார்க்க ஆம்பூர் போனான். அவளுக்குக் கைக்குழந்தை, ஐந்து மாதம். நொண்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தாள். கணுக்காலில் நீலமாகக் கன்றிய தடம், முழங்கையில் இன்னொன்று. எப்படி என்று கேட்டதற்கு, தானாக வந்தது என்றாள். எந்தத் தோலும் தானாகக் கன்றாது என்பது அவனுடைய இருபது வருஷப் படிப்பு. பேசும்போது அவள் பல்லிடுக்கில் ரத்தம் தெரிந்தது. புருஷன் வாயிலேயே குத்தியிருக்கிறான், இவள் மறைக்கிறாள் என்று முடிவு கட்டினான்.

அவள் புருஷன் இஷ்தியாக் அகமது டேனரியில் இரண்டு கைப்பிடிக் கத்தியால் தோலிலிருந்து சதை சீவிக்கொண்டிருந்தான். "நான் தொடல மச்சான், அல்லா மேல ஆணை," என்று முடிப்பதற்குள் மூக்கு உடைந்தது. விழுந்தவனின் வலது மணிக்கட்டைச் சுண்ணாம்புத் தொட்டி விளிம்பில் வைத்துக் குதிகாலால் ஓங்கி மிதித்தான் ஆபித். எலும்பு நொறுங்கியது சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஒருவரும் தடுக்கவில்லை. பெண்டாட்டியை அடித்தவனுக்கு இது கம்மி என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஷஹீனையும் குழந்தையையும் தன் வீட்டுக்கு இழுத்துவந்தான். புருஷன் வாசலை மிதித்தால் வெட்டுவேன் என்றான். அவன் முன்பே அவளுக்குப் போட்டிருந்த பத்தியம் அங்கும் தொடர்ந்தது. ஆபித்தின் தலைப்பிள்ளை சளி கட்டி இறந்தபோது, பெற்றவள் சாத்துக்குடி தின்றதுதான் காரணம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அது அவனுக்கு வேதவாக்கு. பிரசவத்துக்கு வந்த தங்கை ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோதே பழம், காய், கீரை, எலுமிச்சை எதுவும் கூடாதென்று கட்டளை போட்டான். பிறந்த குழந்தை இருமியதால் நாற்பது நாள் தீட்டு கழிந்தும் தளர்த்தவில்லை. சோறு, மிளகுத் தண்ணீர், சுட்ட கருவாடு. ஆம்பூருக்குப் போன பிறகும் அண்ணன் சொல்லை அவள் மீறவில்லை.

நாலாம் நாள் அவள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் புது நீலம். அதைக் கண்டு வந்து சொன்ன தன் மனைவி பில்கிஸின் கழுத்தையே பிடித்தான் ஆபித். "நீ அடிச்சியா?" அவள் தலை சுவரில் மோதியது.

"விடுண்ணே. இந்த வூட்ல யாரும் என்னைத் தொடல. அவரும் தொடல," என்றாள் ஷஹீன்.

பிடி தளர்ந்தது. முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவள் ஈறை விரலால் அழுத்தினார், ரத்தம் கசிந்தது. என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். தோல் வேலைக்காரன் என்று தெரிந்ததும் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தோலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் நார்தான் ரத்தக் குழாய்ச் சுவரையும் பிடித்திருக்கிறது. அந்த நார் உறுதியாக இருக்க வைட்டமின் சி வேண்டும். ஆடு அதைத் தன் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். மனுஷ உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. பழத்திலும் காயிலும் இருந்துதான் வரவேண்டும். மாதக்கணக்கில் வராவிட்டால் நார் நைந்து, லேசாகப் பட்டாலே குழாய் உடைந்து நீலம் பாரிக்கும். பால் கொடுப்பவளுக்கு இன்னும் ஜாஸ்தி தேவை.

"அப்போ இவளை யாரும் அடிக்கலியா?"

"பத்தியம்தான் அடிச்சிருக்கு. யார் போட்டது?"

ஆபித் தங்கையின் கன்றிய முழங்கையைப் பார்த்தான். ஆயிரம் ஆட்டுத் தோல் பார்த்தவனுக்கு ஒரு மனுஷத் தோல் தெரியவில்லை.

மாத்திரையும் கொய்யாவும் நெல்லிக்காயுமாக மூன்று வாரத்தில் நீலம் மறைந்தது. ஆம்பூரில் கொண்டுபோய் விட்டான். இஷ்தியாக்கின் மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. இனி அந்தக் கத்தியைப் பிடிக்க முடியாது. ஆபித் அவன் முன் மண்டியிட்டு, தன்னை அடிக்கச் சொல்லி அழுதான். இஷ்தியாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவருக்கு அடிக்கத் தெரியாதுண்ணே," என்றாள் ஷஹீன். "அதைத்தானே அன்னிக்கும் சொன்னேன்." பிறகு கதவைச் சாத்தினாள்.