வலது சப்பாத்தின் இரண்டு ஆணிகள்

என்னிடம் ஒரு அரம் இருக்கிறது. ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. மரப்பிடி வெடித்துப்போனதால் கறுப்பு நாடா சுற்றியிருக்கிறேன். நிலவறையில் பழைய பெயின்ற் வாளிக்குள் கிடக்கிறது. என் மனுசிக்கு அதில் ஒரு கண். தேங்காய்த் திருவலையின் பல் மழுங்கிப்போச்சு, அந்த அரத்தாலை நாலு இழுவை இழுத்துத் தாங்கோவன் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தா. நானும் நாளைக்கு, நாளைக்கு என்று கடத்திக்கொண்டே வந்தேன். அந்த அரத்தால் நான் ஒருவனுடைய காலைக் கிழித்திருக்கிறேன். கிட்டப் போகாமல், கை வைக்காமல், இருபது மீற்றர் தள்ளி வாளியும் கையுமாக நின்றபடி கிழித்தேன். தேங்காய் திருவ நிற்கிற மனுசியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். அடுப்படியில் நின்றவர்கள் முழுப்பேரும் இத்தாலிக்காரர்கள். ஆகவே சுவிஸுக்கு வந்து நான் முதலில் பிடித்துக்கொண்டது ஜேர்மன் அல்ல, இத்தாலி மொழி. அதிலும் முதலில் வாயில் வந்தது தூஷணம். பிறகு ஷ்லீரனுக்கு மாறி வந்தபோது, இரண்டு ரெயில் தரிப்புத் தள்ளியிருந்த ஒரு கால்பந்துக் கழகத்தில் வேலை கிடைத்தது. கழகத்தின் பெயர் வேண்டாம். திடலுக்குக் கோடு போடுவது, உடுப்புத் தோய்ப்பது, சப்பாத்துகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. வதிவிட அட்டையை மாதக்கணக்குக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். பொலிஸில் பெயர் ஏறினால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் வெருட்டி வைத்திருந்தார்கள். பிளேன் போய் இறங்குகிற இடத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு வாகனமும் இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நின்று கடந்தவன் நான்.

இத்தாலி அண்ணை அடுத்த கோடையில் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது. சென்ரர் போர்வேட், அதாவது முன்னுக்கு நின்று கோல் போடுகிற ஆள். எங்கள் கழகம் அவருக்குப் பன்னிரண்டாவது. நான் என் குசினி இத்தாலி மொழியில் நலம் விசாரித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு கெட்ட வார்த்தையை வணக்கம் என்று நினைத்து வைத்திருந்தேனாம். நான் அவரை அண்ணை என்றேன். அர்த்தம் கேட்டு, பிடித்துப்போய், அவரும் என்னை அண்ணை என்றே கூப்பிடத் தொடங்கினார். எட்டு வயது இளையவன் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் அவரை நீள மர வாங்கில் படுக்கப்போட்டுத் தைலம் தேய்ப்பதும் என் தலையில் விழுந்தது. அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் நான் அந்த வாங்கில்தான் படித்தேன், கண்ணால் அல்ல, உள்ளங்கையால். மூக்குத்தண்டு உடைந்தது தெற்குக் கடற்கரை ஊரொன்றில், பத்தொன்பது வயதில், முதல் கழகத்தில். பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்ப இறங்கி அதே தலையால் கோல் போட்டாராம். இரண்டு முன்பல் சிசிலியில் போயின. இடது தோள் சார்டீனியாவில் கழன்றது. வலது புருவத்தில் மூன்று ஊர்களின் தையல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. எது எந்த ஊர் என்று அவருக்கே மறந்துவிட்டது. வடக்கில் ஒரு பெரிய நகரத்தின் பெரிய கழகத்தில் ஒரு வருஷம் இருந்திருக்கிறார், அதுதான் அவர் ஏறிய உச்சி. அந்த ஊருக்கு மட்டும் உடம்பில் அடையாளம் இல்லை. ஏன் என்று கேட்டேன். அங்கே அடிக்கிற அளவுக்கு ஒருத்தரும் என்னை மதிக்கவில்லை என்றார், குப்புறப் படுத்தபடி.

வாங்கினதைத்தான் உடம்பில் காட்டலாம், குடுத்ததைப் பார்க்க வேணுமெண்டால் ஊரூராய்ப் போகவேணும் என்றும் சொல்லுவார். குடுத்தது கொஞ்சமல்ல. ஒரு ஊரில் சொந்தப் பயிற்சியாளரின் தாடை. இன்னொரு ஊரில் எதிர்க்கட்சிக் கோல் காப்பாளனின் விரல்கள், தெரிந்தே மிதித்தது. எங்கேயும் இரண்டு பருவத்துக்கு மேல் தங்கியதில்லை. முதற் பருவம் கோலாகக் கொட்டுவார், சனம் தோளில் தூக்கும். இரண்டாவது பருவம் யாருடையதாவது எலும்பு முறியும், பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சும்மா சொல்லக்கூடாது, அவர் பாய்ந்து தலையால் அடிப்பதைப்போல் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆனால் பாயும்போதே முழங்கை முதலில் போய்விடும். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: முதல் அடியை நடுவர் காணமாட்டார், இரண்டாவதைத்தான் காண்பார், ஆகவே முதல் அடி உன்னுடையதாய் இருக்கவேணும்.

எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது நல்ல பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்து எழுதினால் அது பொய். ஊரில் சோதனைச் சாவடியொன்றில் துவக்குப் பிடியால் அடி வாங்கி, வெயிலில் இரண்டு மணித்தியாலம் முழங்காலில் நின்றவன் நான். திருப்பிக் கையை ஓங்கினதும் இல்லை, ஓங்க நினைத்ததும் இல்லை. இங்கே கோட்டுக்கு வெளியே வாளியோடு நின்றுகொண்டு, இத்தாலி அண்ணையின் முழங்கை ஒருவனுடைய நெஞ்சில் இறங்குவதைப் பார்க்கும்போது என் உடம்பில் ஏதோ ஒன்று ஆறும். எனக்காகவும் சேர்த்து அடிக்கிறார் என்று விசர்த்தனமாய் ஒரு நினைப்பு இருந்தது.

சப்பாத்தின் அடியில் திருகிப் பூட்டுகிற அலுமினிய ஆணிகள் ஆறு இருக்கும். உடை மாற்றும் அறையிலிருந்து திடலுக்குப் போகிற சீமெந்துப் பாதையில் நடந்து நடந்து அவற்றின் விளிம்பில் பிசிறு கிளம்பும். பிசிறு தோலை வெட்டும். அதற்காகவே எனக்கு அரம் தந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு ஆணியாகத் தேய்த்து மழுக்குவேன். ஆட்டத்துக்கு முன் நடுவர் அறைக்கு வருவார். எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னுக்குத் தூக்கிக் காட்டுவார்கள், லாடம் அடிக்க நிற்கிற மாடுகளைப்போல. நடுவர் கட்டைவிரலால் ஒவ்வொரு ஆணியையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

அந்த இலையுதிர் காலத்தில் இத்தாலி அண்ணைக்கு இரண்டு விலா எலும்பு உடைந்தது. உடைத்தவன் எதிர்க் கழகத்தின் ஸ்ரொப்பர், அவரை மறித்து விளையாடுகிறவன். தச்சுவேலை செய்கிற, இருபத்திரண்டு வயதுச் சுவிஸ்காரன். அதே கழகத்தோடு அடுத்த ஆட்டம் வசந்தத்தில் வந்தது. அதற்கு முதல் நாள் இத்தாலி அண்ணை உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வந்து இரண்டாவது சோடிச் சப்பாத்து ஒன்றை மெஷினுக்கு மேலே வைத்தார். வலது சப்பாத்து, குதிக்கால் பக்கத்து ஆணி இரண்டு. இதை மழுக்காதே அண்ணை, மற்றப்பக்கம் தேய் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, வெருட்டவும் இல்லை. மாட்டேன் என்றிருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார். நான் தேய்த்தேன். வெளி விளிம்பு கூராக வரும்வரை அவசரமில்லாமல் ஆறுதலாகத் தேய்த்து, என் நகத்தில் வைத்துப் பார்த்தேன். நகம் சீவுப்பட்டது. மறுநாள் நடுவர் நல்ல சோடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனதும், ஈரத் துவாய்களுக்கு அடியிலிருந்து மற்றச் சோடியை எடுத்து நான்தான் நீட்டினேன்.

இரண்டாம் பாதியில் இடப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. இத்தாலி அண்ணையும் அந்தத் தச்சுப் பொடியனும் பாய்ந்தார்கள். தலை பந்தில் பட்டதோ தெரியாது, இறங்கும்போது வலது கால் பொடியனின் முழங்காலுக்குக் கீழே ஊன்றி கணுக்கால்வரை இழுத்துக்கொண்டு இறங்கியது. சாக்குக் கிழிகிற சத்தம். நான் வாளியோடு ஓடினேன். முதலில் இரத்தமே இல்லை, வெள்ளையாய் ஒரு நீளப் பிளவு, உள்ளே எலும்பு. பிறகு ஒரேயடியாய் வந்தது. துவாயை வைத்து இரண்டு கையாலும் அமத்தினேன். பொடியன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மோசமா என்று கேட்டான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். என்னை நல்ல மனுசன் என்று நம்பினவனின் பார்வை அது. அதற்குள் எங்களுக்கு மேலே சண்டை தொடங்கிவிட்டது. இரண்டு கழகமும் மோதின, சனம் கம்பி தாண்டி உள்ளே விழுந்தது. யாரோ குடைக் காம்பால் என் பிடரியில் அடித்தார்கள், யாரோ முதுகில் உதைத்தார்கள். நான் துவாயை விடவில்லை. இத்தாலி அண்ணை ஆட்களை இடித்து விழுத்திக்கொண்டு வந்து, என்னையும் அந்தப் பொடியனையும் இரண்டு காலுக்கு நடுவில் வைத்தபடி நின்று அடித்தார். ஒருவனுடைய பல் என் கையருகே புல்லில் விழுந்தது. காயம் பண்ணினவரே காவல் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை விறைக்கும்.

பொலிஸ் வருவதற்குள் இத்தாலி அண்ணையின் சப்பாத்துகளைக் கழற்றி ஈரத் துவாய்க்குள் சுற்றிவிட்டேன். அடுத்த கிழமை கால்பந்துச் சங்கத்து விசாரணை ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என்னைக் கூப்பிட்டு, வேறு சோடி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னால் பொலிஸ், பொலிஸ் என்றால் பிளேன். அப்போது இத்தாலி அண்ணை எழும்பினார். நான்தான் தேய்த்தனான், வேறு சோடி இருந்தது, நான்தான் ஒளித்தனான் என்றார். என் பக்கம் கையைக் காட்டி, இவனைக் கேட்டு என்ன பிரயோசனம், இவன் ஒரு மொக்கன், அரத்துக்கும் அகப்பைக்கும் வித்தியாசம் தெரியாதவன், துணி தோய்க்க மட்டும்தான் லாயக்கு என்று கத்தினார். மேசைக்காரர் ஒருவர் சிரித்தார். என்னைப் போகச் சொன்னார்கள்.

அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. அடுத்த பருவம் தெற்கே இத்தாலி மொழி பேசுகிற தெசின் மாகாணத்தில், தாய் இருந்த ஊருக்கு அருகில், பயிற்சியாளராகப் போவதாக இருந்தார், அதுவும் போயிற்று. பதின்மூன்றாவது கழகம் என்று ஒன்று அவருக்கு வரவேயில்லை. வெளிக்கிடும்போது அறை வாசலில் நின்று, மொக்கன் எண்டு சொன்னது கோபமோ அண்ணை என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அதுகூட எனக்கு வரவில்லை.

பிறகு எனக்கு நிரந்தர அட்டை வந்தது, கலியாணம் வந்தது, சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. இப்போது கோடைக்காலங்களில் ஒரு பொது நீச்சல் குளத்தில் வேலை செய்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள், புல்தரையில் கால் நீட்டி ஒருவர் படுத்திருக்கக் கண்டேன். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரு தழும்பு, வெய்யில் பட்டுச் சுற்றுமுற்றும் கறுத்திருக்க அது மட்டும் வெளுத்துக் கிடந்தது. கொஞ்சம் நொண்டுகிறார். அன்றிலிருந்து அவர் படுக்கிற வரிசையை நான் கூட்டுவதில்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, ஒருவரும் என்னை எங்கேயும் அனுப்ப முடியாது, ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகவில்லை.

இத்தாலி அண்ணை செத்துப்போனார் என்று போன வருஷம் ஒரு இத்தாலிக் கடையில் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை அரத்தைத் துவாயில் சுற்றி வேலைக்குக் கொண்டுபோனேன். தழும்புக்காரர் முன்னால் குந்தி, அரத்தைப் புல்லில் வைத்து, அந்த ஆணிகளைத் தேய்த்தது நான் என்றேன். எத்தனையோ வருஷமாய் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மிச்ச வசனம் ஒன்றும் வரவில்லை.

அவர் அரத்தை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், அந்தக் காலத்து நடுவர்கள் தடவுகிறதுபோலவே.

"தெரியும்," என்றார். "அந்த இத்தாலியன் ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் வந்தவன். எல்லாம் சொன்னவன். தேய்த்தவனை ஊருக்கு அனுப்பினால் கொன்று போடுவாங்கள், நீ வெளியில் சொல்லாதே, கூப்பிடவும் வேண்டாம், அவன் தானாக வருவான், நல்லவன் என்று சொன்னவன்."

அரத்தைப் புரட்டி வளைவுப் பக்கத்தையும் தடவினார்.

"நீ என் வரிசையைக் கூட்டாமல் போகிறதையும் கண்டனான்," என்றார். "நான் கனகாலம் பார்த்துக்கொண்டிருந்தனான். பிறகு பார்க்கிறதை விட்டுவிட்டன்."

அரத்தைத் துவாயில் திரும்பச் சுற்றி என் கையில் தந்தார். கோபப்படவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் முதல் அடியை அன்றைக்கு எந்த நடுவரும் காணவில்லை, அடி வாங்கினவன் மட்டும் கண்டிருந்தான். கண்டும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், நல்லவன் வருவான் என்று காத்திருந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் மனுசியிடம் திருவலையைக் கேட்டு வாங்கினேன். குசினி மேசையடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன், அன்றைக்குத் தேய்த்த அதே ஆறுதலோடு. என்ன இண்டைக்கு அதிசயமாய் இருக்கு என்று பக்கத்தில் வந்து நின்றா. இரு, ஒரு கதை சொல்ல வேணும் என்றேன்.