அடையாற்றில் ஆறு தையல் மெஷின்கள்

எழுபத்து மூன்றாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கினேன். தஞ்சாவூரில் எங்கள் மாதர் சங்கம் ஏழைப் பெண்களுக்குத் தையல் தொழில் தொடங்க இருந்தது. அடையாற்றில் அப்படி ஒன்று பிரமாதமாக நடக்கிறது, பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

பத்து மணிக்கு மயிலாப்பூர் லஸ் முனையில் பஸ் ஏறினேன். அடையாறு நாலு கிலோமீட்டர், டிக்கெட் இருபது பைசா. குடிசைகளுக்கு நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை. ஆறு பெண்கள் ஆறு மெஷின்களில் உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் இவங்க சொந்த உழைப்பு" என்றார், அதை நடத்தும் சங்கத்தின் செயலாளர் அம்மாள். நான் கை தட்டினேன்.

ஊரில் காட்ட இரண்டு பாவாடை வாங்கலாமென்று மாலை நாலு மணிக்கு மறுபடி போனேன். மெஷின் ஒன்றுகூட இல்லை. அதே பெண்கள் தரையில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஷினெல்லாம் எங்கே?"

"இன்னாக்கா, தெரியாத மாதிரி கேக்குற" என்றாள் அவர்களில் ஒருத்தியான கன்னியம்மா. அவள் விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. "அந்தம்மா ஊட்டுக்குப் போயிடுச்சு. யாராச்சும் பாக்க வந்தா மட்டும் வண்டில வரும். மத்த நாளு பூட்டித்தான் கீது. நாங்க இப்டித்தான் தச்சிக்கினு கீறோம்."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன். பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் செயலாளர் வீடு. எனக்கு நாற்காலி போட்டார். கன்னியம்மாவை வாசற்படியிலேயே நிறுத்தினார்.

"இவங்களுக்குன்னு நன்கொடையா வந்த மெஷின்தானே?" என்றேன்.

"கையில கொடுத்தா உடைச்சுடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"ஒடஞ்சா நாங்களே சரி பண்ணிக்கிறோம். குட்த்துப் பாரும்மா" என்றாள் கன்னியம்மா வாசலிலிருந்து. அது காதில் விழாததுபோல் அந்த அம்மாள் என்னிடம் காபியை நீட்டினார். நான் தொடவில்லை.

திங்கட்கிழமை வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாகக் கன்னியம்மா சொன்னாள். பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போய் நின்றேன். விருந்தாளிகளின் கார்கள் கிளம்பியதும் மெஷின்களை ஏற்றக் கைவண்டி வந்தது. ஆறு பேரில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. செயலாளர் அதட்டினார். கன்னியம்மா மிதிப்பதை நிறுத்தாமலே, "வேல கீதும்மா, அப்பால வா" என்றாள். வண்டி காலியாகவே திரும்பியது.

ஊர் திரும்பும் ரயிலிலும் என் கோபம் அடங்கவில்லை. அது அந்த அம்மாள்மேல் மட்டும் இல்லை. எங்கள் சங்கத்துக்கும் இரண்டு மெஷின்கள் நன்கொடையாக வந்திருந்தன. பத்திரமாக இருக்கட்டுமென்று அவற்றை ஆறு மாதமாக என் வீட்டு மாடியில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு என் பெண்ணுக்குப் பாவாடை தைத்தது அதில்தான்.