வெசன்டார்ஃப் நம்ம ஆளா?

நோர்பர்ட் ஹ்யூல்ஸ்மன் முப்பத்திரண்டு வருடம் சின்சினாட்டியில் நகரப் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் ஆசையாய்க் கொடுத்த கைக்கடிகாரத்தை மறுநாளே விற்று, ஒரு பழைய பேஸ்பால் அட்டை வாங்கிய மனிதர். சூயிங்கம் பொட்டலத்தோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைதான். அதிலும் உள்ளூர் அணியான ரெட்ஸ் மட்டும். வேறு அணிக்காரனின் அட்டையை இனாமாக நீட்டினாலும், செத்த எலியைப் பிடிப்பதுபோல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அட்டையின் முனை மடங்கியிருக்கலாம், சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடக்க விட்ட தழும்பு இருக்கலாம், எவனோ பேனாவால் மீசை வைத்திருக்கலாம். அதெல்லாம் அவருக்குச் சம்மதம். ஆனால் வரைந்த தொப்பி மட்டும் கூடவே கூடாது. அந்தக் காலத்தில் ஒருவன் அணி மாறிவிட்டால், அட்டை அச்சடிப்பவர்கள் புதுப் படம் எடுக்கச் சோம்பல்பட்டு, பழைய படத்தின் தலையில் புது அணியின் தொப்பியைத் தூரிகையால் தீட்டிவிடுவார்கள். "பெயின்ட் அடிச்சவன்லாம் நம்ம ஆளு ஆயிடுவானா?" என்பது நோர்பர்ட்டின் வாதம்.

இத்தனையும் கீழ்த்தள அறையில் ஆல்பம் ஆல்பமாக இருந்தது. அவர் மனைவி லொரெட்டா தேவாலயத் திருவிழா ஏலத்துக்குப் போர்வை தைப்பவர். அவருடைய தையல் மெஷின் ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஸ்பகெட்டியில் சில நாள் நூலும் வரும். வாயிலிருந்து பச்சை நூலை உருவிய ஒரு சாயங்காலம் லொரெட்டா பொறுமை இழந்தார்.

"இன்னும் எத்தன அட்டை வாங்கணும்?"

"எல்லாம் வாங்கியாச்சு. ஒரு ஓட்டை கிடையாது."

"அப்படியா? நான் பாக்கறேன். ஒரு ஓட்டை இருந்தாலும் என் மெஷின் கீழ வரும். இல்லேன்னா, நான் சாகற வரைக்கும் அந்த ரூமப் பத்திப் பேச மாட்டேன்."

நோர்பர்ட் மார்தட்டி ஒப்புக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பங்களோடு உட்கார்ந்த லொரெட்டா, மூன்றாம் நாள் அறுபத்தொன்பதாம் வருட அட்டைகளின் பட்டியலில் விரலை வைத்தார்.

"இந்த டெல்மர் வெசன்டார்ஃப் எங்க?"

நோர்பர்ட்டின் முகம் கறுத்தது. "அவன் பெயின்ட் அடிச்சவன். பதினோரு நாள் இருந்தான். நம்ம ஆளே இல்ல."

"நீ சொன்னா ஆச்சா? அவரையே கேட்டுருவோம்."

வெசன்டார்ஃப் உயிரோடுதான் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில், தபால் பெட்டியில் பேர் எழுதிக்கொண்டு. சனிக்கிழமை இருவரும் காரில் போனார்கள். எண்பது வயதுக் கிழவர் கதவைத் திறந்தபோது தலையில் செயின்ட் லூயிஸ் அணியின் தொப்பி இருந்தது. நோர்பர்ட்டுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பாதி ஜெயித்தாயிற்று.

விஷயத்தைக் கேட்டதும் கிழவர் அலமாரியிலிருந்து தன் அட்டையை எடுத்து வந்தார்.

"தொப்பி வரைஞ்சது தம்பி. அதோட இது என் மூஞ்சியும் இல்ல. என் ரூம்ல தங்கினவனோட படத்தை மாத்திப் போட்டுட்டாங்க."

"பாத்தியா! தொப்பியும் பொய், தலையும் பொய்!" நோர்பர்ட் நாற்காலியிலேயே ஒரு துள்ளு துள்ளினார். லொரெட்டாவோ, பாவம், மனதுக்குள் மெஷினைத் திரும்பவும் மேஜைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். கிழவர்தான் பேச்சை வளர்த்தார்.

"நான் உங்க ஆளு இல்லவே இல்ல. அந்தச் செப்டம்பர்ல தோத்தீங்களே ஒரு ஆட்டம், அதுவும் அப்போ என் கணக்குல வராது."

நோர்பர்ட் விருட்டென்று எழுந்தார். காது வரை சிவந்துவிட்டது.

"என்னது, வராதா? யோவ்! மூணு தளத்துலயும் அவங்க ஆளு நிக்கறான், கடைசி ரவுண்டு, நாலு பந்தையும் வெளிய வெளிய போட்டு, சும்மாவே ஒரு ரன்னக் குடுத்து ஆட்டத்தத் தூக்கிக் குடுத்தியே! எனக்குப் பதினோரு வயசு. ரேடியோவ எட்டி உதைச்சு அப்பாகிட்ட அடி வாங்கினேன். ரெண்டு நாள் சாப்பிடல! அம்பது வருஷமா உன்னத் திட்டிக்கிட்டிருக்கேன், இப்ப வந்து நான் அவன் இல்லேங்கறியா?"

"அப்ப அந்த ஆட்டத்தத் தோத்தது யாரு?" என்று லொரெட்டா மெதுவாகக் கேட்டார்.

"நம்ம ஆளுதான்! வேற எவன்?"

சொன்ன பிறகுதான் நோர்பர்ட்டுக்கு உறைத்தது. லொரெட்டா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, கீழ்த்தள அறையில் போடப்போகும் மெஷின் மேஜையின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று விரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

கிழவர் சிரிக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் ஆடினதே யாருக்கும் ஞாபகம் இல்லேன்னு நினைச்சேன். என் பேரப்பசங்க நம்பறதே இல்ல."

அட்டையை நோர்பர்ட்டின் சட்டைப்பையில் செருகினார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்.

"ஏய் பசங்களா, எல்லாரும் இங்க வாங்க! தம்பி, அந்த நாலு பந்துல ஆரம்பிச்சு இன்னொரு தடவ திட்டு. சத்தமா."