வாயில் கவ்விய பறி

1964 ஐப்பசி. கிள்ளை உப்பங்கழியில் இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள் பச்சையம்மா. பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருந்தாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வெளியாள் எதிரே வந்தால் தலை நிமிரமாட்டாள்.

சிதம்பரம் கல்லூரி ஆசிரியர் தில்லைநாதன், பூநாரைகளை எண்ண மூன்று நாளாகக் கரைக்கு வருகிறார். இன்று இன்னும் கிட்டே போய்ப் பார்க்க நினைத்துச் சேற்றில் இறங்கினார்.

பச்சையம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். உள்ளான் குருவிகள் ஓடித் திரிவது கெட்டித் தரையில். அவர் போன பக்கம் ஒரு பறவையும் இறங்காது. போன வருஷம் அங்கேதான் ஒரு மாடு புதைந்து செத்தது. வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் போய்விடும். அதற்குள் அவர் முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

"ஐயா, நில்லுங்க. அது ஆள முழுங்குற சேறு."

பறி விழுந்து இறால் சிதறியது. பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறந்தன.

"எல்லாத்தையும் கலைச்சிட்டியேம்மா," என்றவர் காலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஒதறாதீங்க. அப்பிடியே மல்லாந்து படுங்க. சட்டய அப்பறம் தோச்சிக்கலாம்."

அவர் படுத்தார். அவள் குப்புறத் தவழ்ந்து போய், கையைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இழுத்தாள்.

"நாளைக்கும் எண்ணணுமே," என்றார் மூச்சிரைக்க.

"வாங்க. உள்ளான் நடக்குற எடமா பாத்து நடங்க."