புகார் கொடுக்க ஆளில்லாத மதம்

கரமனையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடி அறையில், ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துவந்தேன். நான் பஹாய் மதத்தவன். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசி அப்படியல்ல. ஒரு பிரார்த்தனை, ஒரு பாட்டு, உண்மை பேசுவதைப் பற்றி ஒரு கதை, பிறகு கலர் பென்சிலுக்கு அடிபிடி. பாட்டு என் பொறுப்பு. நான் தொடங்கியதும் தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் காகங்கள் இடம் மாறிப் போகும்.

ஒரு ஞாயிறு அறையில் பூட்டு தொங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாவியோடு படியில் நின்றார். என்னைப் போலவே நாஞ்சில் நாட்டுக்காரர்.

“அண்ணாச்சி, பிள்ளைகளை மதம் மாத்துதீரோன்னு சிலருக்கு சம்சயம். நிறுத்திக்கிடும்.”

“தாய் தகப்பன்தான் அனுப்புதாங்க. நீரும் வந்து உக்காந்து பாரும்.”

“வேண்டாம். உங்க பூசாரி யாரு? அவருகிட்ட பேசிக்கிடுதேன்.”

“பூசாரியும் இல்ல, பாதிரியும் இல்ல. ஒம்பது பேரு சபை இருக்கு. நானும் அதுல ஒருத்தன்.”

“எலெக்‌ஷன்ல நின்னீரோ?”

“நிக்கவும் கூடாது, ஓட்டுக் கேக்கவும் கூடாது.”

“பின்னே உம்மை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?”

“அதுதான் எனக்கும் மனசிலாகல்லே.”

அவர் சிரிக்கவில்லை. “செரி, உம்மகிட்டயே சொல்லுதேன். நிறுத்தும்.”

“தனியா எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. சபையில வைக்கேன்.”

அன்று மாலையே ஒன்பது பேரும் கூடினோம். செயலாளரைப் பற்றி நல்ல கேலிகளாகத் தேர்ந்து கொண்டுபோயிருந்தேன். ஆனால் எங்கள் மதத்தில் புறம்பேசுதல் விலக்கப்பட்டது. எனக்கிருக்கும் ஒரே திறமையை விலக்கிவைத்த மதத்தில் நானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். பூட்டை உடைக்கலாம் என்றேன். பேசிப்பேசிக் கடைசியில் அந்த யோசனையை நானே எதிர்த்தேன். முடிவு இதுதான்: சண்டை வேண்டாம், வகுப்பும் நிற்காது. என் வீட்டில் நடக்கட்டும். யாரும் எட்டிப்பார்க்கும்படி வாசல் கதவு திறந்தே இருக்கட்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. இடத்தைப் பூட்டுகிறவர்கள் பூட்டட்டும். பிள்ளைகளுக்கு நல்லது சொல்வதை ஒளிந்துகொண்டு செய்ய மாட்டேன்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. மறு ஞாயிறு கூடம் நிறைந்து, மிச்சப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பாட்டைத் தொடங்கினேன். மொட்டைமாடியில் காகங்களோடு நின்றுபோயிருந்த என் குரல் இப்போது படிக்கட்டு வழியாக எல்லா மாடிக்கும் போனது. பிள்ளைகளும் எனக்குப் போட்டியாகக் கத்தினார்கள்.

செயலாளர் மூச்சுவாங்க ஏறி வந்தார். “கதவை அடச்சா என்ன?”

“தெறந்து வைக்கணும்னு ஒம்பது பேரு முடிவு. அடைக்கணும்னா திரும்பவும் கூடணும்.”

அவர் வாசலிலேயே நின்றார். கதை முடியும்வரை நின்றார். பிறகு தணிந்த குரலில், “வகுப்பு நடத்தும். நீரு மட்டும் பாடாம இருந்தாப் போதும்” என்றார்.

அதையும் சபையில் வைத்தேன். மற்ற எட்டுப் பேரும் உள்ளூர அவர் கட்சிதான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தடை போட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் கதவைத் திறந்து வைத்தேன். கூடுதலாக ஒரு பாட்டும் பாடினேன்.