ஒரே மணிக்குள் இரண்டு வயது

சிங்கப்பூரில், கிளமெண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் வரும். அங்கே கல்லுக்கு வயது கண்டுபிடிப்பார்கள். கல்லை இடித்து, சலித்து, உப்புத்தூளைவிடச் சிறிய ஜிர்க்கான் என்ற தாது மணிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அந்த மணிக்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்குமாம். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அங்கே பார்த்தது துப்புரவு வேலை. ஆனால் சல்லடைகள் என் பொறுப்பு. ஒரு கல்லின் மணி அடுத்த கல்லில் கலந்தால் வயது தப்பாகிவிடும். அதனால் கழுவிய சல்லடையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பேன். புதுக்கல் வந்தால், பழைய தூள் போக அதில் ஒரு துண்டை முதலில் இயந்திரத்தில் இடித்துக் கொட்டிவிட்டுத்தான் மிச்சத்தைப் போட விடுவேன். பெரிய படிப்புப் படித்தவர்களும் என்னைக் கேட்டுத்தான் சல்லடையைத் தொடுவார்கள். தேக்கா மார்க்கெட்டில் தெரிந்தவர்களைப் பார்த்தால் அதைச் சொல்லாமல் வரமாட்டேன்.

பிறகு திருச்சியிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். ஊசி முனையால் மணி பொறுக்குவதில் அவள் கை அவ்வளவு நிதானம். இரண்டாவது வாரமே எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். என்னோடு நின்று பேசும் பொறுப்பாளர்கூடக் கோப்பியை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஒரு தப்புச் செய்யட்டும் என்று தினமும் காத்திருந்தேன்.

தப்பு வந்தது, என் தலைமேல். வரிவரியாக நசுங்கிய ஒரு கல்லில் ஒவ்வொரு மணியும் வேறு வேறு வயது காட்டியது.

பொறுப்பாளர் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர். "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க லா. சல்லடையில பழைய கல்லு ஒட்டியிருந்துச்சோ என்னமோ. இனிமே அத படிக்கிற பிள்ளைங்க கழுவட்டும். நீங்க தரைய மட்டும் பாருங்க" என்றார்.

"என் சல்லடையிலயா?" என்றேன். அவள்தான் மூட்டிவிட்டாள் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் தரை துடைத்தேன். மூன்றாம் நாள் அவள் பொறுப்பாளரைக் கணினி முன் கூப்பிட்டாள். திரையில் ஒரே ஒரு மணியின் படம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் இன்னொன்று.

"சார், நடு பழசு, ஓரம் புதுசு. இந்தக் கல்லு பூமிக்குள்ள திரும்ப வெந்து நசுங்கியிருக்கு. அப்பதான் ஓரம் புதுசா வளர்ந்திருக்கு. வெடிப்பு விட்ட மணியில ஈயம் வெளிய போயிருக்கு, அதான் வயசக் கொறச்சுக் காட்டுது. ஒரே மணிக்குள்ள ரெண்டு வயசு சார். இந்த அம்மாவோட சல்லடை அதுக்குள்ள எப்படிப் போகும்?"

பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். சல்லடைகளைத் தாமே தூக்கிவந்து நான் கழுவும் தொட்டியருகே வைத்து, "சாரி ஆன்ட்டி" என்றார். உடனே அவள் பக்கம் திரும்பி, "சூப்பர் லா, இத நீ கட்டுரையா எழுதணும்" என்றார்.

என் பெயரைக் காப்பாற்றியவள் அவள்தான். ஆனால் அந்த 'சூப்பர்' காதில் விழுந்தபோது முன்னைவிட அதிகமாக எரிந்தது. என் சல்லடை சுத்தம் என்று சொல்லக்கூட அவள் படிப்பு வேண்டியிருந்ததே.

அவள் தொட்டியருகே வந்து, "நானும் சேந்து கழுவுறேம்மா" என்றாள்.

"வேணாம். நீ போயி உன் மணியப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன்.