ஹமீதாவின் வலது கை

சில வருடங்களுக்கு முன் என் மனைவி ஹமீதாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சரியாக விளங்காமல் போனது. துபாய் வேலையை விட்டுவிட்டுத் திருமலைராயன்பட்டினத்துக்கே திரும்பிவிட்டேன். ஊட்டிவிடுவதும் தலைவாருவதும் நானேதான். அதில் எனக்குப் பெருமைகூட.

காரைக்கால் டாக்டரம்மா மூளையைப் படமாக வரைந்து காட்டினார். "ஒவ்வொரு விரலையும் அசைக்க மூளையில ஒரு இடம் இருக்குங்க. விரலுக்கு வேலை இல்லன்னா அந்த இடம் சுருங்கிடும். எல்லாத்தையும் நீங்களே செஞ்சா எப்படிங்க?"

எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் இடியாப்பத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் வலது கை விரல்களால் ஒரு துண்டைப் பிய்த்தாள். மூன்று முறை நழுவியது. தாங்காமல் கையை நீட்டினேன்.

"இருங்க, நானே எடுக்குறேன்," என்றாள்.

நான்காவது முறை ஒரு சின்னத் துண்டு வாய்க்குப் போனது. இரண்டு பேரும் அழுதோம்.

அன்று காலை அவளுக்கு உதவாமல் உட்கார்ந்திருந்ததுதான், நான் அவளுக்குச் செய்ததிலேயே கடினமான பணிவிடை.